ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு இலட்சம் ரூபாய் நட்டமும்

கடையில் விற்பனையாகும் பொருளுக்கு நாம் கணக்கு வைக்கிறோம். கடன் கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் கணக்கு வைக்கிறோம். ஆனால் அந்தப் பொருளைக் கொழும்பிலிருந்து கடை வாசல் வரை கொண்டு வந்து சேர்க்கும் வாகனத்துக்கு எம்மில் எத்தனை பேர் ஒழுங்கான கணக்கு வைத்திருக்கிறோம்? டீசல் அடித்த கணக்கு இருக்கும். டயர் மாற்றிய பில் எங்காவது கிடக்கும். எஞ்சினைக் குளிரச் செய்யும் கூலன்டை கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் பதில் சொல்லமாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும், அதன் பின்னர் கற்றுக்கொண்ட பாடத்தையும் சக வியாபாரிகளின் பயன் கருதி இங்கு எழுதுகிறேன்.

கடுகண்ணாவையில் நின்ற வேன்

2023 ஏப்ரல் மாதம். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரமே இருந்தது. அக்குறணையில் உள்ள எமது கடைக்கு ஆண்டு முழுவதும் நடக்கும் வியாபாரம் ஒரு பக்கம், அந்த இரண்டு வார வியாபாரம் மறுபக்கம். புறக்கோட்டையில் துணியும் பிளாஸ்டிக் சாமான்களும் ஏற்றிக்கொண்டு எமது பழைய டீசல் வேன் மாலையில் புறப்பட்டது. கேகாலை தாண்டி, மாவனல்லை தாண்டி, கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சின் சக்தி இழந்து, முன்பக்கமிருந்து ஆவி கிளம்பி, வேன் நின்றுவிட்டது. இரவு பத்தரை மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

எமது சாரதி ஐந்து வருடமாக எம்முடன் இருப்பவர். அன்றிரவு நான் அவரிடம் பேசிய விதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "ஹீட் ஏறுறத பாக்காம எங்க பாத்துட்டு ஓடின?" என்று ஏசினேன். "நானா, மீட்டர் ஏறவே இல்ல. திடீரெண்டு தான் ஆவி வந்திச்சி" என்றார் அவர். நான் நம்பவில்லை. வேனை இழுத்துச் செல்ல வேறு வண்டி பிடித்து, சாமானை ஏற்ற இன்னொரு லொறி பிடித்து, நான்கு நாள் தாமதித்துத்தான் பொருட்கள் கடைக்கு வந்தன. பெருநாளைக்குச் சாரதிக்குக் கொடுக்கவிருந்த போனஸில் பாதியைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து கராஜுக்குப் போனேன். பாஸ் ஒரு தகரத் தட்டில் கழற்றிய சாமான்களை எடுத்து வைத்திருந்தார். வோட்டர் பம்பின் இறக்கைகள் துரு தின்று சிறுத்திருந்தன. தேர்மோஸ்டட்டைச் சுற்றி செம்மண் குழம்பு போல் படிந்திருந்தது. ஹெட் வளைந்து, ஹெட் கெஸ்கட் இரண்டு இடங்களில் எரிந்திருந்தது. "இதுக்குள்ள கூலன்டே இல்ல. வெறும் பைப் தண்ணி. யார் ஊத்தச் சொன்னது?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

நான் சொல்லியிருக்கமாட்டேன் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து வேனின் செலவுப் புத்தகத்தைப் புரட்டினேன். முந்திய நான்கு மாதத்தில் பதினொரு இடங்களில் சாரதி தன் கையால் எழுதியிருந்தார்: "ரேடியேட்டருக்கு தண்ணி 1 போத்தல்." ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நான் கையொப்பம் இட்டிருந்தேன். "நானா, தண்ணி குறையுது, ஒருக்கா காட்டுவோம்" என்று அவர் இரண்டு முறை சொன்னதும், "பெருநாள் முடியட்டும், இப்போதைக்கு ஊத்திட்டு ஓடு" என்று நான் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மீட்டர் ஏறாததற்கும் பாஸ் காரணம் சொன்னார். வெப்பத்தை அளக்கும் சென்சர் கூலன்டுக்குள் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் மிகவும் குறைந்து சென்சர் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் கொதிக்கும் நேரத்திலும் முள் நடுவில் நிற்கலாம். ஆகவே சாரதி சொன்னது உண்மை. பிடித்த பணத்தை அன்றே அவர் கையில் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கூலன்ட் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாகனத்தை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையுடன் சூடாக வெளியேறுகிறது. மீதமுள்ள பங்கு எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை எடுத்துச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதே கூலன்டின் முதல் வேலை.

"அதைத் தண்ணீரும் செய்யுமே?" என்று கேட்கலாம். உண்மை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர், கூலன்ட் கலவையை விடச் சற்றுத் திறமையானது. ஆனால் தண்ணீரில் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, கொதிநிலை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். உயரம் கூடக்கூட இது குறையும். நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் பாதியும் தண்ணீர் பாதியுமாகக் கலந்தால் கொதிநிலை சுமார் 106 பாகைக்கு உயர்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது மேலும் உயர்ந்து 125 பாகையைத் தாண்டுகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வாகனத்துக்கு இந்த இடைவெளி மிகவும் பெறுமதியானது.

இரண்டாவது குறைதான் எம்மைப் போன்றோர் கவனிக்காதது. தண்ணீர் உலோகத்தைத் தின்னும். ஒரு எஞ்சினுக்குள் இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப் பற்று என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்துகொண்டிருக்கின்றன. இவற்றுக்கிடையே துருவும் அரிப்பும் உண்டாகாமல் தடுக்கும் மருந்துகள் கூலன்டில் கலக்கப்பட்டுள்ளன. கூலன்ட் என்பது குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் இருப்பதற்கானது, எமது நாட்டுக்கு அவசியமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. உறைவது எமக்குப் பிரச்சினை இல்லைதான். ஆனால் துருப்பிடிப்பதற்குப் பனி தேவையில்லை.

இந்த மருந்துகள் நாளடைவில் செலவாகிவிடும். திரவம் அப்படியே இருக்கும், நிறமும் இருக்கும், உள்ளே காவல் இருக்காது. காலாவதித் திகதி கடந்த மருந்துப் போத்தலைப் போன்றது இது. கூலன்டை மாற்றவேண்டும் என்பதற்கான காரணம் இதுவே.

எப்போது மாற்றவேண்டும்?

எல்லா வாகனத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. பழைய முறைப் பச்சைக் கூலன்டுக்குப் பொதுவாக இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர் என்பார்கள். பிற்காலத்தில் வந்த நீண்ட ஆயுள் வகைகள் ஐந்து வருடம் வரையும் அதற்கு மேலும் தாங்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிற 'சூப்பர் லோங் லைஃப்' வகைக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில், அதன் பின் 80,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை என்று அந்நிறுவனத்தின் கைநூல்கள் குறிப்பிடுகின்றன. உங்கள் வாகனத்தின் கைநூல் சொல்வதே உங்களுக்கான கணக்கு.

ஒரு முக்கிய விடயம். நிறத்தை நம்பி கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம் மட்டுமே. இன்ன நிறம் இன்ன வகை என்று உலகப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஒரே பச்சை நிறத்தில் இரு வேறு இரசாயன வகைகள் விற்பனைக்கு இருக்கலாம். அவற்றைக் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில வேளை கூழ் போல் திரண்டு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் கைநூலில் உள்ள வகையின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள். போத்தலில் 'கொன்சென்ட்ரேட்' என்றிருக்கிறதா, கலந்து தயார் நிலையில் உள்ளதா என்பதையும் பாருங்கள். தயார் கலவைக்கு மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது.

பழைய வாகனம் வாங்கியவர்கள், முன்னைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாதவர்கள், திகதி தெரியாதவர்கள் இன்றே மாற்றிவிட்டு இன்றிலிருந்து கணக்கைத் தொடங்குவதே நல்லது.

யார் இதை வீட்டில் செய்யக்கூடாது?

சாதாரணப் பெற்றோல் கார், டீசல் வேன், சிறிய லொறி வைத்திருப்பவர்கள் பொறுமையிருந்தால் இதைத் தாமே செய்யலாம். பின்வருவோர் கராஜுக்குப் போவதே நல்லது.

ஹைபிரிட் வாகனம் வைத்திருப்போர். அவற்றில் எஞ்சினுக்கு ஒன்று, மின் இன்வேர்ட்டருக்கு ஒன்று என்று தனித்தனிக் குளிரூட்டும் சுற்றுகள் உண்டு. மூன்றாம் தலைமுறை பிரியஸ் போன்றவற்றில் வோட்டர் பம்பே மின்சாரத்தில் இயங்குவது. காற்றை வெளியேற்ற அதற்குரிய கருவி தேவைப்படும்.

எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தால், அது ஹெட் கெஸ்கட் பழுதின் அடையாளம். கூலன்ட் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

மூடியைத் திறந்தால் உள்ளே தடித்த சேறாக இருந்தாலும் அனுபவமுள்ள ஒருவரிடமே கொடுங்கள். பல வருட அழுக்கே சில ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கும். கழுவும்போது அவை திறந்துகொள்ளலாம்.

முச்சக்கர வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவை காற்றினால் குளிர்பவை. அவற்றுக்கு இந்தப் பாடம் பொருந்தாது.

செய்முறை

நான் இப்போது எமது கடையின் பின் வளவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சாரதியுடன் சேர்ந்து இதைச் செய்கிறேன். முறை இதுதான்.

1. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வாகனமே சிறந்தது. சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கவேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் திரவம் மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இப்படி முகமும் கையும் வெந்தவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள்.

2. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வாகனத்தின் கீழே நுழையவேண்டாம். ஹீட்டர் இருந்தால் அதன் கட்டுப்பாட்டை முழுச் சூட்டில் வையுங்கள். சில வாகனங்களில் ஹீட்டர் குழாய்களில் உள்ள பழைய திரவம் அப்போதுதான் கழுவுப்படும்.

3. ரேடியேட்டரின் அடியில் சிறிய வடிகால் திருகு இருக்கும். பல வாகனங்களில் அது பிளாஸ்டிக். கையால் மெதுவாகத் திருப்புங்கள், குறட்டால் முறுக்கினால் உடைந்துவிடும். கீழே அகன்ற பேசின் வைத்துத் திரவத்தைப் பிடியுங்கள். ரிசர்வ் டாங்கியில் உள்ளதையும் எடுத்து, டாங்கியைக் கழுவுங்கள்.

4. வெளிவந்த திரவத்தைப் போத்தலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இது மிகவும் முக்கியம். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

5. வடிகாலை மூடி, சுத்தமான தண்ணீர் நிரப்பி, மூடியைப் பூட்டி, எஞ்சினை ஓட விடுங்கள். தேர்மோஸ்டட் பொதுவாக 82 முதல் 88 பாகையில் திறக்கும். அப்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் சூடாகும். கையை விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, முற்றாக ஆறவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கும். ஆகவே அவசரப்படாதீர்கள்.

6. வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசிக் கழுவலை மட்டும் வடித்த நீரில் செய்யுங்கள். ஏனெனில் கடைசித் தண்ணீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

7. இந்த இடைவேளையில் ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். பஞ்சு போல் ஊதியிருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் இறப்பரையும் பாருங்கள். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்தத்தின் அளவு பொறித்திருக்கும். மாற்றுவதானால் அதே அளவுதான் வேண்டும். கூடிய அளவு போட்டால் ரேடியேட்டர் வெடிக்கலாம், குறைந்த அளவு போட்டால் சீக்கிரம் கொதிக்கும்.

8. கூலன்டை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். ஆசனத்தின் கீழ் எஞ்சின் உள்ள வேன்களில் குழாய்கள் நீளமாக இருப்பதால் இந்தப் பிரச்சினை அதிகம். முன்பக்கம் சற்று உயரும்படி வாகனத்தை நிறுத்தினால் காற்று மேலேறி வெளியேறும். கட்டைகளை மறக்கவேண்டாம். மூடி திறந்தபடியே எஞ்சினைத் தொடக்கி, குமிழிகள் நிற்கும்வரை குறைகிற அளவைச் சேர்த்துக்கொண்டிருங்கள். பின்னர் மூடியைப் பூட்டுங்கள். ரேடியேட்டருக்குத் தனி மூடி இல்லாத, டாங்கியே அழுத்தத்தில் இருக்கும் வாகனங்களுக்குக் கைநூல் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள்.

9. ரிசர்வ் டாங்கியில் 'லோ', 'ஃபுல்' என்ற இரு கோடுகளுக்கு இடையில் நிரப்புங்கள். அடுத்த மூன்று காலைகள், எஞ்சின் குளிர்ந்த நிலையில் அளவைப் பாருங்கள். சிக்கிய காற்று வெளியேறியதும் முதலிரு நாட்கள் சிறிது குறைவது சாதாரணம். அதன் பின்னும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

கலவைக் கணக்கு: பலர் தவறும் இடம்

இங்குதான் வியாபாரியின் மூளை உதவுகிறது. உங்கள் வேனின் மொத்தக் கொள்ளளவு 8 லீட்டர் என்று கைநூல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் வடித்தபோது 5 லீட்டர்தான் வந்தது. மீதி 3 லீட்டர் எஞ்சின் உடம்புக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் தங்கிவிட்டது. பலமுறை கழுவிய பின் அந்த 3 லீட்டர் ஏறத்தாழ வெறும் தண்ணீர்.

இப்போது போத்தலில் சொன்னபடி பாதிக்குப் பாதி கலந்து 5 லீட்டர் ஊற்றினால், அதில் கூலன்ட் இரண்டரை லீட்டர். 8 லீட்டரில் இரண்டரை என்றால் வெறும் 31 வீதம். பாதி என்று நினைத்து மூன்றில் ஒன்றுக்கும் குறைவாக ஓடுவீர்கள். சரியான முறை: 8 லீட்டரில் பாதி 4 லீட்டர். எனவே 4 லீட்டர் கொன்சென்ட்ரேட் கூலன்டும் 1 லீட்டர் வடித்த நீரும் ஊற்றவேண்டும். உள்ளே இருக்கும் 3 லீட்டருடன் சேர்ந்து அது சரிபாதியாகும். தயார் கலவை பாவிப்பவர்கள், உள்ளே தங்கிய தண்ணீர் அதைக் கரைக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

"கூடுதலாகக் கூலன்ட் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே?" என்றால், இல்லை. 60 வீதத்தைத் தாண்டினால் சூட்டைச் சுமக்கும் திறன் குறைகிறது. வெறும் கூலன்டை மட்டும் ஊற்றினால் எஞ்சின் கூடுதலாகவே சூடாகும். பணமும் போகும், பயனும் போகும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம், புத்தளம், அநுராதபுரம் போன்ற இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்பது கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்ப்போருக்குத் தெரியும். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது என்றாலும் அதிலும் உப்புகள் உண்டு. பெற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரையே பாவியுங்கள். ஆனால் கடையில் கேட்கும்போது கவனம்: பெற்றரித் தண்ணீர் வேறு, பெற்றரி அசிட் வேறு. போத்தலை மாற்றி எடுத்தால் ஒரே நாளில் ரேடியேட்டர் போய்விடும்.

தேர்மோஸ்டட்டைக் கழற்றும் பழக்கம்

எமது நாட்டில் ஒரு தவறான பழக்கம் உண்டு. எஞ்சின் சூடாகிறது என்று சொன்னால் சிலர் தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எமது நாடு சூடான நாடு, அது தேவையில்லை என்பார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவேண்டியதும் அவசியம். குளிர்ந்த எஞ்சின் கூடுதல் எரிபொருள் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். அத்துடன் சில எஞ்சின்களில் தேர்மோஸ்டட்டே குறுக்கு வழியை மூடி, திரவத்தை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அதைக் கழற்றினால் திரவத்தில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்து எஞ்சினை மேலும் சூடாக்கும். பழுதானால் புதிதாக மாற்றுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். அதேபோல், ஒழுக்கை அடைக்கப் போடும் பவுடர்கள் ஒழுக்கை மட்டும் அடைப்பதில்லை, நல்ல குழாய்களையும் அடைக்கும்.

பழைய கூலன்டை எங்கே கொட்டுவது?

எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. அதன் சுவை இனிப்பாக இருப்பதுதான் அதிலுள்ள பேராபத்து. பேசினில் திறந்து வைத்தால் பூனையும் நாயும் நக்கிக் குடிக்கும், சிறு பிள்ளைகளும் வாயில் வைக்கலாம். சிறிதளவே சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். யாராவது குடித்துவிட்டால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதும் கூடாது. எமது ஊரில் கானில் கொட்டுவது பிங்கா ஓயாவுக்குப் போகும், அங்கிருந்து மகாவலிக்குப் போகும். நான் மூடியுள்ள கலனில் அடைத்து, பெயர் எழுதி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படைக்கிறேன்.

வழியில் சூடானால்

சாரதிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். முள் வழமையை விட உயர்ந்தால், ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். மூடியைத் தொடக்கூடாது, எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. குறைந்தது முக்கால் மணித்தியாலம் ஆறவிட வேண்டும். இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீற்றரில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்வதில் தவறில்லை. அதோடு விட்டுவிடுவதுதான் தவறு.

வரவு செலவு

இனி எனது கணக்கைப் பார்ப்போம். 2023 இல் எனக்கு ஏற்பட்ட செலவு: வேனை இழுத்துச் செல்ல 18,500 ரூபாய். ஹெட்டைத் தட்டையாக்கி, கெஸ்கட் தொகுதியும் வோட்டர் பம்பும் ஏனைய சாமான்களும் மாற்ற 128,000. கூலி 35,000. ஒயில், கூலன்ட் வகைகளுக்கு 21,000. மாற்று லொறிக்கு 24,000. மொத்தம் 226,500 ரூபாய். தவறிப்போன நான்கு நாள் பெருநாள் வியாபாரத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

அதே ஆண்டு விலையில், கூலன்டை முறையாக மாற்றியிருந்தால்: 4 லீட்டர் கூலன்டுக்கு 9,200, வடித்த நீர் 6 லீட்டருக்கு 1,500, புதிய மூடிக்கு 1,400. மொத்தம் 12,100 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றால் மாதத்துக்குச் சுமார் 500 ரூபாய். நான் ஒரே இரவில் இழந்த பணத்துக்கு 18 தடவை, அதாவது 36 வருடங்களுக்குக் கூலன்ட் மாற்றியிருக்கலாம்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 இல் ரூபாய் சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியதும் எமக்கெல்லாம் நினைவிருக்கும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு வழி திறந்தபோதும், புதிய வேன் என்பது சிறு வியாபாரியின் கைக்கு எட்டும் விலையில் வரவில்லை. கையில் இருக்கும் பழைய வாகனத்தை இன்னும் பல வருடம் ஓட்டுவதுதான் எம்மில் பலரின் நிலைமை. அப்படியானால் அதுவும் எமது மூலதனம்தான். மூலதனத்தைக் கவனிப்பதுபோல் அதையும் கவனிக்க வேண்டும்.

இறுதியாக மூன்று சிறு ஆலோசனைகள். வாகனச் செலவுப் புத்தகத்தில் கூலன்டுக்கு ஒரு தனிப்பக்கம் ஒதுக்குங்கள்: மாற்றிய திகதி, கிலோமீற்றர், வகையின் பெயர், ஊற்றிய அளவு. கிழமைக்கு ஒரு முறை, குளிர்ந்த எஞ்சினில் ரிசர்வ் டாங்கியைப் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான். மூன்றாவது, புத்தகத்தில் சாரதி எழுதுவதை வாசித்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள். மூடியுள்ள குளிரூட்டும் சுற்றில் தண்ணீர் சும்மா குறைவதில்லை. ஒரு மாதத்தில் இரண்டு முறை ஊற்ற நேர்ந்தால் அது எங்கோ போகிறது என்று பொருள். எமது சாரதி அதைப் பதினொரு முறை எனக்கு எழுதிக் காட்டியிருந்தார். பன்னிரண்டாவது முறை கடுகண்ணாவை ஏற்றத்தில் வந்தது.